கடைசிவரை அன்னியர்: டாக்டர் சுப்பாராவின் கதை

ரத்த சோகை என்று டாக்டரிடம் போனால், சில சமயம் ஒரு சிறிய மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுப்பார். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு அந்த மாத்திரை நன்றாகத் தெரியும். விலை சொற்பம். அதன் பெயர் ஃபோலிக் அமிலம்.

அந்த மருந்தை உலகத்துக்குக் கொடுத்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் ஓர் இந்தியர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கோதாவரிக் கரையில் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தவர்.

அவர் அமெரிக்காவுக்குப் போனது மேல்படிப்புக்காக. போனவர் திரும்பவில்லை. ஏறக்குறைய 26 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அமெரிக்கர்களின் உயிரைக் காக்கும் மருந்துகளை உண்டாக்கினார். ஆனால் அந்த நாட்டின் ஏடுகளில் அவர் சாகும்வரை ஓர் அன்னியர்.

படிக்க வந்த பிள்ளை, படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்க்கலாமா? எத்தனை நாள் பார்க்கலாம்? இந்தக் கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் பேசப்படுகிறது. அதற்கு விடை தெரியாமலே ஒரு வாழ்க்கை முழுவதையும் கழித்தவர் சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்க ஓடிய பையன்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமாவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். தந்தை ஜகந்நாதம். தாயார் வெங்கம்மா. வீட்டில் குழந்தைகள் அதிகம், வருமானம் குறைவு.

13-வது வயதில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நிறையப் பணம் சம்பாதிக்கலாம் என்று எண்ணினார். வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். தாயார் சும்மா இருக்கவில்லை. ஆளைத் தேடிப் பிடித்து, மீண்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

பள்ளிப் படிப்பு நடக்கும்போதே தந்தை காலமானார். தாயார் நகைகளை விற்றுப் பையனைப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் இரண்டு முறை தோற்றார். சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முறை தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் படித்தார். நடுவில் சந்நியாசி ஆகிவிட வேண்டும் என்ற ஆசையும் வந்தது. தாயார் சம்மதிக்கவில்லை. முடிவில் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். சம்பளம் கட்ட நண்பர்களும், பின்னால் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார்கள்.

1919-ல் அவருக்கும் சேஷகிரி என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது.

கதர் அங்கியால் வந்த வினை

அது காந்திஜியின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவும் கதர் உடுத்தத் தொடங்கினார். ரண சிகிச்சை செய்யும் இடத்திலும் கதர் அங்கியே அணிந்து நின்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதன் பலன் பரீட்சையில் தெரிந்தது. மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

சர்க்கார் வைத்திய இலாகாவில் உத்தியோகத்துக்கு முயன்றார். அங்கும் இடம் இல்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பெரிய துக்கம் நேர்ந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோயே காரணம். உண்பது உடம்பில் ஒட்டாது. ஓயாமல் பேதியாகும். ரத்தம் வற்றி, ஆள் மெலிந்து போவான். அந்த நாளில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. டாக்டராக இருந்தும் சுப்பாராவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிப் படிக்க ஒரு கல்விச்சாலை இருந்தது. அங்கே இடம் கேட்டு எழுதினார். இடம் கிடைத்தது. காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்யலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் மாமனாரும் பண உதவி செய்தார்கள். இளம் மனைவியைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்.

இரவில் மலச்சட்டி கழுவினார்

1922-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். கையில் இருந்த பணம் நீண்ட நாள் தாங்காது. வயிற்றுப்பாட்டுக்கு வேலை தேட வேண்டியிருந்தது. சென்னையில் வாங்கிய பட்டம் அங்கே வைத்தியம் செய்ய உதவவில்லை. பீட்டர் பென்ட் பிரிகாம் என்ற ஆஸ்பத்திரியில் இரவு வேலை கிடைத்தது. நோயாளிகளின் மலச்சட்டிகளையும் மூத்திரக் கலங்களையும் கழுவும் வேலை. பகலில் வகுப்பு, இரவில் இந்த வேலை. அவர் அதற்காகக் கூசவில்லை.

படிப்பு முடிந்து டிப்ளமா கையில் வந்தது. இனி என்ன செய்வது? ஊருக்குத் திரும்பினால் அந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு பழைய இடத்தில்தான் நிற்க வேண்டும். ஸ்ப்ரூ நோய்க்கு மருந்து காணும் வசதி அங்கே இல்லை. அமெரிக்காவிலேயே இருக்கலாம் என்றால், அந்த நாட்டின் சட்டம் குறுக்கே நின்றது.

மூன்று பூட்டுகள்

அந்தச் சட்டத்தைச் சற்று விளங்கச் சொல்ல வேண்டும். ஓர் அயல்நாட்டில் படிக்க அனுமதி ஒன்று. வேலை செய்ய அனுமதி வேறு. நிலையாகக் குடியிருக்க அனுமதி இன்னும் வேறு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது.

1917-ல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. ஆசியாவின் பெரும் பகுதியைக் கோடு போட்டுக் காட்டி, அங்கிருந்து யாரும் குடியேற வரக்கூடாது என்று தடுத்தது. இந்தியாவும் அந்தக் கோட்டுக்குள் அடங்கியது. மாணவர், ஆசிரியர், டாக்டர், வியாபாரி, யாத்ரீகர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. சுப்பாராவுக்கு அந்த விலக்கே வாசலைத் திறந்தது. இது முதல் பூட்டு.

அவர் போய் நாலு மாதம் ஆகவில்லை. இரண்டாவது பூட்டு விழுந்தது. 1923 பிப்ரவரியில் பகத்சிங் திந்து என்ற பஞ்சாபியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. வெள்ளையர் என்ற சொல்லில் இந்தியர் அடங்கார். ஆகவே இந்தியருக்குப் பிரஜா உரிமை கிடையாது என்பது அதன் சாரம். இத்தனைக்கும் திந்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்தவர்.

1924-ல் மூன்றாவது பூட்டு. பிரஜையாகத் தகுதி இல்லாத இனத்தார் குடியேறவும் கூடாது என்று புதுச் சட்டம் வந்தது. மாணவர் வரலாம், ஆனால் படிப்பதற்காக மட்டுமே வர வேண்டும் என்று அது மாணவருக்கு இலக்கணம் வகுத்தது.

இந்த மூன்று பூட்டுகளுக்கும் நடுவில் சுப்பாராவ் நின்றார். அவருக்கு வழிவிட்டது கல்வி ஒன்றுதான். ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியின் உயிர் ரசாயனப் பகுதியில் ஓட்டோ ஃபோலின் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். படிப்பும் ஆராய்ச்சி வேலையும் ஒன்றாக நடந்தன. 1930-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

உடம்பின் எரிபொருள்

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து வேலை செய்தார். 1925-ல் இருவரும் ஒரு புது முறையை வெளியிட்டார்கள். ரத்தத்திலும் மூத்திரத்திலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை அது. ரசாயனம் கலந்தால் நீல நிறம் உண்டாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். உயிர் ரசாயனம் படிக்கும் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற முறை அது.

அந்த முறையே பெரிய உண்மை ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. நாம் கையை மடக்குகிறோம், காலை நீட்டுகிறோம். தசைக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? 1927-ல் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருள் இருப்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளையும் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். அடுப்புக்கு விறகு போல, உடம்புக்கு ஏ.டி.பி. எறும்பு முதல் யானை வரை எல்லா உயிருக்கும் அதுவே எரிபொருள்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை. ஆண்டுகள் ஓடின. ஊரிலிருந்து துக்கச் செய்தியும் வந்தது. அவருக்கும் சேஷகிரிக்கும் பிறந்த ஒரே மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டான். மனைவி இந்தியாவில், கணவர் பாஸ்டனில். நடுவில் கடல் மட்டும் அல்ல, சட்டமும் இருந்தது. ஊரைப் பார்க்கப் போனால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்ற உறுதி அந்தச் சட்டத்தில் இல்லை. மனைவியை அழைத்துக் குடித்தனம் வைக்கவும் சட்டம் எளிதில் இடம் கொடுக்காது. கணவன் மனைவி இருவரும் அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

அன்னியர் கையில் ஆராய்ச்சிக்கூடம்

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் நகருக்கு வடக்கே பேர்ல் ரிவர் என்ற சிற்றூரில் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே சேர்ந்தார். அதே 1940-ல் அமெரிக்கா மற்றொரு சட்டம் செய்தது. 14 வயது நிறைந்த ஒவ்வோர் அன்னியரும் சர்க்காரிடம் பெயரைப் பதிந்து, கைரேகை வைக்க வேண்டும். வீடு மாறினால் தெரிவிக்க வேண்டும். புகழ் பெற்ற விஞ்ஞானியானாலும் அன்னியர் அன்னியரே.

இரண்டே ஆண்டில், 1942-ல், அந்தக் கம்பெனி அவரை ஆராய்ச்சித் தலைவர் ஆக்கியது. உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்காவின் பெரிய மருந்து ஆராய்ச்சிக்கூடங்களில் ஒன்று, பிரஜா உரிமை கேட்கவே தகுதியற்றவர் என்று சட்டம் சொன்ன ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது!

பழைய எண்ணத்தை அவர் மறக்கவில்லை. ஈரலில் உள்ள ஏதோ ஒரு சத்து ரத்த சோகையைத் தீர்க்கிறது என்று டாக்டர்கள் அறிந்திருந்தார்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாயில் கர்ப்பிணித் தொழிலாளிகளின் ரத்த சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு பொருள் அதைக் குணப்படுத்துவதை 1931-ல் வெளியிட்டார். கீரையிலும் அந்தச் சத்து இருந்தது. ஆனால் அதைத் தனியே பிரித்து, என்ன பொருள் என்று கண்டு, மருந்தாகச் செய்ய வேண்டும். சுப்பாராவின் குழு 1945-ல் அதைச் சாதித்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபோலிக் அமிலம் உருவானது.

ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறியது. பசி எடுத்தது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின், அவர்கள் நோய்க்கு மருந்து கிடைத்தது.

அந்த மருந்தின் பயன் அதோடு நிற்கவில்லை. கர்ப்பத்துக்கு முன்பும் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், குழந்தைக்கு முதுகுத்தண்டில் ஊனம் வருவது பெரிதும் குறையும் என்று 1991-ல் நிரூபணமானது.

ஒன்றன் பின் ஒன்றாக மருந்துகள்

1947-ல் லெடர்லேயிலிருந்து ஹெட்ரசான் என்ற மருந்து வந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகளை அது ரத்தத்திலேயே கொல்லும். டி.இ.சி. என்பதும் அதுவே. தமிழ்நாட்டில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை நினைவிருக்கிறதா? அதில் இருந்தது இந்த மருந்துதான்.

ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்தபோது இன்னொரு வழியும் திறந்தது. ஃபோலிக் அமிலம் செல்களை வளர்க்கிறது. அப்படியானால், அதைப் போலவே வேஷம் போட்டு, அதன் வேலையைத் தடுக்கும் பொருள் ஒன்றைச் செய்தால்? ரத்தப் புற்றுநோயில் அளவு மீறிப் பெருகும் செல்கள் பட்டினி கிடந்து சாகும் அல்லவா? சுப்பாராவின் குழு அமினாப்டெரின் என்ற அத்தகைய பொருளைச் செய்து, பாஸ்டனில் இருந்த சிட்னி ஃபார்பர் என்ற டாக்டருக்கு அனுப்பியது. அவர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்குச் சில காலம் குணம் தெரிந்தது. 1948-ல் இது வெளியானது. அதுவரை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு நம்பிக்கை என்பதே கிடையாது. அந்த மருந்தின் தம்பி மெதோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள்.

70 வயது தாண்டி, சர்வகலாசாலையிலிருந்து ஓய்வு பெற்ற பெஞ்சமின் டுக்கர் என்ற தாவர நிபுணரும் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அவர் கண்ட ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் இன மருந்துகளில் அதுவே முதலாவது.

தாமதமாகத் திறந்த கதவு

1946-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி ஜனாதிபதி ட்ரூமன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்தியரும் அமெரிக்கப் பிரஜை ஆகலாம் என்று அது கூறியது. குடியேற ஆண்டுக்கு 100 இந்தியருக்கு இடம். 100 பேர்தான்! ஆயினும் கதவு திறந்தது. சுப்பாராவ் அந்த நாட்டுக்கு வந்து அப்போது 24-வது ஆண்டு நடந்தது.

அந்த உரிமையை அவர் பெறவில்லை. 1948 ஆகஸ்டில் ஒரு நாள் பேர்ல் ரிவரில் அவர் இறந்து கிடந்தார். மாரடைப்பு. வயது 53. இந்தியா சுதந்திரம் அடைந்து ஓர் ஆண்டு நிறையும் தறுவாயில் இருந்தது. பிறந்த நாட்டின் விடுதலைச் செய்தியை எட்ட இருந்தே கேட்டவர், அந்த மண்ணை மறுபடி மிதிக்காமலே போனார். சேஷகிரி அம்மாள் இந்தியாவில் விதவையானார்.

பின்னால் விஞ்ஞானிகள் ஒரு பூஞ்சை இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1995-ல் அவருடைய நூற்றாண்டை ஒட்டி இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது.

பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு

படிப்பு முடிந்த மாணவர் தொழில் பயிற்சிக்காகச் சிறிது காலம் வேலை செய்யலாம் என்று 1947-ல் அமெரிக்க விதிகளில் எழுதப்பட்டது. முதலில் ஆறு மாதம். நீட்டித்தால் மொத்தம் 18 மாதம். 1992-ல் வந்த விதி 12 மாதம் என்று வைத்தது. விஞ்ஞானம், தொழில் நுட்பம், எஞ்சினீரிங், கணிதம் படித்தவர்களுக்கு 2008-ல் மேலும் 17 மாதம் கொடுத்தார்கள். 2016-ல் அந்தக் கூடுதல் காலம் 24 மாதம் ஆனது. கோர்ட்டிலும் வெளியிலும் இதைப் பற்றி வாதம் நடந்தது. உள்ளூர் ஆட்களின் வேலை போகிறது என்று ஒரு சாரார் சொன்னார்கள். அறிவாளிகளைப் படிக்க வைத்துவிட்டு விரட்டுவது நஷ்டம் என்று மற்றொரு சாரார் சொன்னார்கள்.

இரண்டாவது சாராருக்குச் சுப்பாராவ் நல்ல சாட்சி. 1924-ல் டிப்ளமாவோடு அவர் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டிருந்தால், நஷ்டம் யாருக்கு? அமெரிக்கக் குழந்தைகளுக்கும்தான். ஆனால் அவர் வாழ்க்கை இன்னொன்றையும் சொல்கிறது. தங்கவும் உழைக்கவும் விட்டுவிட்டு, உறுதியான உரிமையைக் கொடுக்காமல் வைத்தால், அதன் விலையை ஒரு குடும்பம் கொடுக்கிறது. சேஷகிரி அம்மாள் கொடுத்தார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். நிலத்தை அடகு வைத்தும், பாங்கியில் கடன் வாங்கியும் அனுப்புகிறோம். கல்லூரிச் சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று கேட்கிறோம். அதோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்க வேண்டும். படிப்பு முடிந்த மறுநாள் விசா என்ன சொல்கிறது? எத்தனை மாதம் வேலை பார்க்கலாம்? விண்ணப்பம் எந்தத் தேதிக்குள் போட வேண்டும்? நடுவில் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா? விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகையால் பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பாமல், அந்தந்த நாட்டு சர்க்காரின் அறிவிப்பையே பார்க்க வேண்டும்.

இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சுப்பாராவுக்கு வழியில்லை. அவர் காலத்துச் சட்டத்தில் அவருக்கு ஏற்ற பதிலே இல்லை. நமக்கு உண்டு. பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவது நல்லது.